மலையேறும் உறுமி: ஊர் சுற்றும் இசைவிழா எப்படி வளர்கிறது?

ஒரே மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இசைவிழாவை நிலைநிறுத்துவதே கடினம். ஊர் ஊராகப் போகும் விழாவை வளர்ப்பது அதைவிடப் பெரும்பாடு. லாரி வாடகை, ஒலிபெருக்கி, மின்னாக்கி, கலைஞர்களின் தங்குமிடம், சாப்பாடு என்று ஒவ்வோர் ஊரிலும் செலவு புதிதாகத் தொடங்கும். ஒரு மாலை மழை கொட்டினால் அந்த ஊரின் கணக்கு முழுவதும் நட்டத்தில் போகும். இருந்தும் தாள இசையின் முகத்தை மாற்றியவர்களில் பலர் ஊர் சுற்றியவர்களே. மலேசியத் தமிழரிடையே அப்படியொரு விழா வேண்டும் என்று இளையோர் பேசத் தொடங்கினால், கோலாலம்பூரில் ஓர் அரங்கம், தமிழ்நாட்டிலிருந்து ஒரு நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் நாற்காலி என்றே பேச்சு போகிறது. அந்தத் தொடக்கமே தவறு என்பது என் கருத்து. விழாவுக்கு வேண்டிய பாதையும் பருவமும் கலைஞர்களும் கேட்பவர்களும் நம்மிடம் முன்பே இருக்கிறார்கள். தேயிலை விளையும் கேமரன் மலையில் உள்ள கோலா தெர்லா போன்ற ஒரு மலையூரிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே வருவதற்கு முன் மற்றவர்கள் நடந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஃபங்க் இசை 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவானது. ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவில் மெட்டைப் பின்னுக்குத் தள்ளி, பாஸ் கிட்டாரையும் டிரம்மையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். தாளச் சுற்றின் முதல் அடியில் எல்லாக் கருவியும் ஒன்றாக விழ வேண்டும் என்பது அவர் விதி. நம் தாளக்காரர்களுக்கு இது புதிதல்ல. சமத்தில் வந்து சேரும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம், சேரும் இடம் மட்டும் தவறக் கூடாது என்பது தவில்காரர் முதல் பறைக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஜாம் என்பது அந்த விளையாட்டை நீட்டிப்பது: பாடலை நான்கு நிமிடத்தில் முடிக்காமல், மேடையிலேயே ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்லி, இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று கொண்டுபோவது.

இந்த முறையை ஓர் ஊர்வலமாகவே மாற்றியவர்கள் கிரேட்ஃபுல் டெட் குழுவினர். 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி, 1995இல் குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். நேற்று வாசித்த வரிசை இன்று இருக்காது, நேற்று வாசித்த பாடலே இன்று வேறு விதமாக இருக்கும். அதனால் இரசிகர்கள் ஊர் விட்டு ஊர் பின்தொடர்ந்தார்கள். அந்தக் குழு செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கச்சேரியைப் பதிவுசெய்ய இரசிகர்களை அனுமதித்தார்கள். 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். நாடாக்கள் காசு வாங்காமல் கைமாறின. அடுத்த ஊரில் காத்திருந்தவர்களைச் சேர்த்துத் தந்தது விளம்பரம் அல்ல, அந்த நாடாக்கள்தான். இசையைப் பூட்டி வைத்தால்தான் வருமானம் என்ற நம்பிக்கையை முப்பது ஆண்டு அனுபவத்தால் பொய்யாக்கியவர்கள் அவர்கள்.

1992இல் புளூஸ் டிராவலர் குழுவின் ஜான் பாப்பர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். அன்றைய ஜாம் குழுக்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சிறு அரங்குகளை எளிதாக நிரப்ப முடிந்தது. கோடைகாலத் திறந்தவெளி அரங்குகளைத் தனித்தனியாக நிரப்ப முடியவில்லை. ஃபிஷ், வைட்ஸ்பிரெட் பேனிக், ஸ்பின் டாக்டர்ஸ் போன்ற குழுக்களைச் சேர்த்துக்கொண்டு ஹோர்டு என்ற ஊர் சுற்றும் விழாவைத் தொடங்கினார். போட்டியாளர்கள் கூட்டாளிகள் ஆனார்கள். 1998 வரை அது நடந்தது. அதற்குள் குழுக்கள் வளர்ந்துவிட்டன. ஃபிஷ் குழு 1996இல் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கில், பழைய விமானப்படைத் தளம் ஒன்றில், தானே ஒரு விழா எடுத்து ஏறத்தாழ 70,000 பேரை வரவழைத்தது. 2002இல் டென்னசியில் போனரூ விழா தொடங்கியபோது ஜாம் இசைக்கு நிலையான ஒரு வயல்வெளி கிடைத்தது. 1991 முதல் ஊர் சுற்றிய லொல்லப்பலூசாவும் பின்னர் சிகாகோவில் தங்கிவிட்டது.

இதை அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் வளர்ச்சி என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். விழா ஓரிடத்தில் தங்கியபின் கூட்டம் கூடியது, பணம் கூடியது. ஆனால் சிற்றூர் இளைஞன் ஒருவன் தன் ஊர் மேடையிலேயே பெரிய குழுவைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும், அதோடு சேர்ந்து வாசிப்பதும் குறைந்துபோனது. விழா மக்களைத் தேடிப் போனது மாறி, மக்கள் விழாவைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. பயணச் செலவுக்கு வழியில்லாதவன் வெளியே நிற்கிறான்.

தமிழரிடம் ஊர் சுற்றும் கற்பனை இசை பழைய வழக்கம். கோயில் திருவிழா இரவுகளில் நாகசுரக்காரர் ஒரே இராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்வதும், தவில்கள் மாறி மாறி அதற்குப் பதில் சொல்வதும் எழுதி வைத்து வாசித்தவை அல்ல. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காக மக்கள் விடிய விடியத் தெருவில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாவுக்குப் பல மேளங்களை வரவழைத்து, ஒன்றன்பின் ஒன்றாகவும் சேர்ந்தும் வாசிக்க வைக்கும் மேளச்சமா இருந்தது. தஞ்சைக் கலைஞர்கள் கடல் தாண்டிப் போய் அங்கே வாசித்தார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் அங்கிருந்து தமிழ்நாடு வந்து எல்லாரையும் வியக்க வைத்தது. ஊர்த் திருவிழா நாள்காட்டிதான் அந்தக் கலைஞர்களின் பயணத் திட்டம். நுழைவுச் சீட்டு கிடையாது. கோயிலும் ஊர்க்காரர்களும் செலவை ஏற்றார்கள்.

தேயிலைத் தோட்டத்தையும் ஊர் சுற்றும் இசையையும் சேர்த்துப் பேசும்போது பாவலர் வரதராசனை விட்டுவிட முடியாது. பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு புறப்பட்ட அவர் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடி ஊர் ஊராகச் சுற்றினார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், மூணாற்றுப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் முன் அவர் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று இயக்கத்தார் பல ஆண்டுகள் நன்றியோடு சொல்லி வந்தார்கள். அந்தக் குழுவில் சேர்ந்து சுற்றிய தம்பிதான் பின்னாளில் இளையராஜா. ஒவ்வொரு மேடையிலும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து மெட்டையும் வேகத்தையும் மாற்றக் கற்ற இளமைப் பயிற்சி, பிறகு வந்த ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஊர் சுற்றல் ஒரு கலைஞனுக்குத் தரும் கல்வி எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

இன்றைய தமிழ்நாட்டில் இந்த மரபின் துணிச்சலான தொடர்ச்சி மார்கழியில் மக்களிசை. சென்னையின் மார்கழிக் கச்சேரிப் பருவத்துக்கு 1927ஆம் ஆண்டு மாநாட்டிலிருந்து தொடரும் வரலாறு உண்டு. அந்த மேடைகளில் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் பறைக்கும் இடமில்லை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் அதே மார்கழியில் சென்னையில் மக்களிசைக்குத் தனி மேடை போட்டது. அதற்கு முன்னோடியாக இருந்தது 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இசையமைப்பாளர் தென்மா ஒருங்கிணைத்த அந்தக் குழுவில் கானாப் பாடகர், பறைக் கலைஞர், ராப் பாடகர், கிட்டார் கலைஞர் என 19 பேர் இருந்தார்கள். 2021இல் மக்களிசை சென்னையோடு நிற்கவில்லை. மதுரைக்கும் கோவைக்கும் போனது. பிறகு கோலார் தங்கவயல் வரை சென்றது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் வேலைக்காக இரயிலேறிப் பெங்களூர் போய்த் திரும்பும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊர் அது. கேமரன் மலைத் தோட்டப்புறத்துக்கு இதைவிட நெருங்கிய உறவூர் ஒன்றைச் சொல்ல முடியாது.

மக்களிசை வளர்ந்ததற்கு இரஞ்சித்தின் பெயர் உதவியது என்பது உண்மை. ஆனால் பெயரால் முதல் ஆண்டுக் கூட்டத்தைத்தான் சேர்க்க முடியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் வந்ததற்குக் காரணம், சாவு வீட்டில் பாடியவரும் பறை அடித்தவரும் அங்கே முதன்மைக் கலைஞராக அறிவிக்கப்பட்டதுதான். பார்ப்பவருக்கு, மேடையில் நிற்பவர் தன் தெருக்காரர். அரசு ஆதரவோடு நடந்த சென்னை சங்கமமும் 2007இல் நாட்டுப்புறக் கலைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது, அது பெரிய பணி. ஆட்சி மாறியதும் அந்த விழா நின்றது. 2023இல் மீண்டும் வந்தது. அரசு கொடுக்கும் மேடை அரசு எடுத்துக்கொள்ளும் மேடையும் ஆகும் என்பதற்கு இது போதிய சான்று. 2010இல் புனேயில் தொடங்கிப் பல இந்திய நகரங்களுக்குப் போன என்.எச்.7 வீக்கெண்டர் ஆங்கிலம் பேசும் இளையோரின் விழா. அதன் பாதை நமக்கு அதிகம் பயன்படாது.

இனி மலேசியாவுக்கு வருவோம். இங்கே ஃபங்க், சோல் இசையை வெகுமக்களிடம் கொண்டுபோனவர்களில் இரு தமிழ்ச் சகோதரர்கள் முன்னிலையில் இருந்தார்கள். பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் இருவரும் நடத்திய அலிகேட்ஸ் குழு 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துத் தேறி, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ்பெற்றது. 1990களில் பொயட்டிக் அம்மோ என்ற ராப் குழு வந்தது. அதிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தமிழ் ராப் இசையைத் தமிழ்நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. திறமைக்குக் குறைவில்லை என்பதைக் காட்ட இந்தப் பெயர்கள் போதும். இவர்களை ஆண்டுதோறும் தோட்டம் தோட்டமாக, பட்டணம் பட்டணமாக அழைத்துப்போக ஒரு தமிழ் விழா மட்டும் உருவாகவில்லை. அலிகேட்ஸ் மலாய் இரசிகர்களின் குழுவாயிற்று. ராப் கலைஞர்கள் வானொலியையும் இணையத்தையும் நம்பினார்கள். நேரடி இசைக்கென்று தமிழர் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு நட்சத்திரக் கலைஇரவுகளுக்குப் போனது.

சரவாக்கில் 1998இல் தொடங்கிய மழைக்காடு உலக இசைவிழாவை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கூச்சிங் அருகே சந்துபோங் மலையடிவாரத்தில், சரவாக் பண்பாட்டுக் கிராமத்தில் அது நடக்கிறது. இரவு மேடைதான் விளம்பரத்தில் வரும். அந்த விழாவின் உயிர் பகல் நேரப் பட்டறைகளில் இருக்கிறது. பல நாட்டுத் தாளக்காரர்கள் ஒரு நீளவீட்டில் சேர்ந்து உட்கார்ந்து, பார்வையாளர் முன்னாலேயே ஒருவரோடொருவர் வாசித்துப் பார்ப்பார்கள். சரவாக்கின் சாப்பே வாத்தியக்காரர் அங்கே விருந்தினர் அல்ல, வீட்டுக்காரர். உள்ளூர்க் கலைஞரை வெளியூர்க் கலைஞரோடு சமமாக உட்கார வைத்ததுதான் அந்த விழாவை நிலைக்க வைத்தது.

நம்மிடம் அந்த இடத்தில் யார் உட்காருவார்? உறுமி மேளக்காரர்தான், ஐயமே வேண்டாம்.

மலேசியத் தமிழரின் மிகப் பெரிய ஊர் சுற்றும் இசை உறுமி மேளம். இதை நம் இசை பற்றிய பேச்சுகளில் சேர்ப்பதற்கே பலர் தயங்குகிறார்கள். உறுமி, பம்பை, தவில், ஜால்ரா, பாடுவதற்கு ஓரிருவர் என்று ஒரு வேனில் ஏறிப் போகும் இளைஞர் குழுக்கள் அவை. ஒரே நிறச் சட்டை, குழுவுக்கு ஒரு தெய்வப் பெயர். வார நாளில் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை. வார இறுதியில் எங்கே திருவிழாவோ அங்கே. தைப்பூசத்தில் பத்துமலை, பினாங்கு, ஈப்போ. அது முடிந்தால் பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, ஆடி மாத அம்மன் திருவிழாக்கள். இடையிடையே தோட்டத்துக் கோயில்களின் தீமிதியும் பால்குடமும். இந்த நாள்காட்டியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நிறுவனமும் ஏற்பாடு செய்யாத ஒரு நாடு தழுவிய இசைச் சுற்று நம் கண்முன் நடப்பது தெரியும்.

இசையின் உள்ளே பார்த்தாலும் வியப்புதான். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த அடிக்குரல், ஃபங்க் குழுவில் பாஸ் கிட்டார் செய்யும் வேலையைச் செய்கிறது. அதன்மேல் பம்பையும் தவிலும் மாறி மாறிப் பின்னுகின்றன. காவடி எடுப்பவரின் அல்லது அருள் வந்தவரின் காலையே வாசிப்பவர் கவனித்துக்கொண்டிருப்பார். கால் தளர்ந்தால் தாளம் இறங்கி அவரைத் தாங்கும், ஆட்டம் ஏறினால் தாளமும் ஏறும். எப்போது முடிக்க வேண்டும் என்பது யார் கையிலும் இல்லை. இப்படி மனிதரின் உடலைப் பார்த்து, அந்தக் கணத்திலேயே இசையைத் தீர்மானிக்கும் பயிற்சியை உலகின் எந்த ஜாம் கலைஞரும் மதிப்பார்.

எதிர்ப்புகள் இல்லாமலில்லை. தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் உறுமி மேளத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரல் எழும். சினிமாப் பாட்டு மெட்டு, காதடைக்கும் சத்தம், குடித்துவிட்டு ஆடும் கூட்டம், குழுக்களுக்கிடையே சண்டை என்று குற்றச்சாட்டுகள் நீளும். இவற்றில் உண்மை உண்டு. வழிபாட்டு இடத்தில் ஒழுங்கு கேட்பது ஆலய நிர்வாகத்தின் உரிமை. ஆனால் தடை போட்டால் இசை ஒழுங்காகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 40 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 2016இல், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் விதிகள் மேலும் தளர்ந்தன. அத்தனை ஆண்டுத் தடையாலும் மேளத்தின் மேல் மக்களுக்கு இருந்த ஆசையைப் போக்க முடியவில்லை. இசைக்கென்று தனி இடமும் தனி நேரமும் கொடுத்தால்தான் வழிபாட்டுக்கும் நிம்மதி, கலைஞனுக்கும் பொறுப்பு.

கோலா தெர்லாவை இந்தச் சுற்றில் வைத்துப் பார்ப்போம். திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில், சாலையோரமெல்லாம் காய்கறித் தோட்டங்கள். சற்று வடக்கே புளூ வேலி தேயிலைத் தோட்டம், தெற்கே பிரிஞ்சாங் தாண்டினால் தானா ராத்தா, அப்பால் ரிங்லட். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களுக்குத் தாத்தா பாட்டிமார் வந்த காலத்தில் தாப்பா வழியே மலையேறினார்கள். இன்று சிம்பாங் புலாய் சாலை வந்தபின் ஈப்போ பக்கத்தில் வந்துவிட்டது. மாநிலம் பகாங் என்றாலும் தலைநகர் குவாந்தான் வெகுதூரம். இந்த மலைத் தமிழரின் கலை வாழ்வு பேராக்கோடுதான் பின்னிக் கிடக்கிறது. தேயிலை பறிப்பவர்களில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மலைக்குத் திரும்பும் நாள்கள் இரண்டே: தீபாவளியும் தம் கோயில் திருவிழாவும்.

ஆகவே, இங்கே ஓர் இசைவிழாவுக்கு நாள் குறிப்பதில் குழப்பமே வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணிகளின் பள்ளி விடுமுறையைக் கணக்கிட்டு நாள் வைத்தால் சாலை நெரிசலில் வண்டிகள் நிற்கும், தோட்டத்துக்காரர் வர மாட்டார்கள். ஆண்டு இறுதி மழையில் வைத்தால் மண்சரிவு அச்சம். திருவிழாவை ஒட்டி வைத்தால் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், மேளக்குழு வந்திருக்கும், பந்தலும் மின்சாரமும் ஏற்கெனவே இருக்கும், சமையல் நடந்துகொண்டிருக்கும். கூடுதல் செலவு மிகக் குறைவு.

இந்த மலையில் நமக்கு முன்பே வாழ்பவர்கள் செமாய் மக்கள். இரவு முழுவதும் மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளமெழுப்பிப் பாடி ஆடும் செவாங் பூர்வகுடிகளின் மரபு. அவர்கள் விரும்பினால் மூங்கில் தாளமும் உறுமியும் ஒரே மாலையில் ஒன்றையொன்று கேட்கும் மேடை கேமரன் மலையில்தான் அமைய முடியும். கோலாலம்பூர் அரங்கம் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் இதைப் பெற முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஹோர்டு குழுக்கள் செய்ததுபோல் நம் மேளக்குழுக்கள் போட்டியை விட்டுவிட்டு, மூன்று நான்கு குழுக்களாகச் சேர்ந்து ஒரே வாரத்தில் ரிங்லட், தானா ராத்தா, கோலா தெர்லா, ஈப்போ என்று ஒரு பாதை வகுக்கலாம். ஒலிபெருக்கியும் வண்டியும் பொதுவாகும், செலவு பங்காகும். பதிவு செய்யும் வேலையைக் கைப்பேசிகள் ஏற்கெனவே செய்கின்றன. ஆனால் நல்ல ஒலிவாங்கி வைத்து, வாசித்தவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து, யாரும் இலவசமாகக் கேட்கும்படி வெளியிடுவோர் குறைவு. பெயர் குறிக்கப்படாத கலைஞனுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? கூலியும் திறந்த கணக்காக இருக்க வேண்டும். நட்சத்திரக் கலைஞருக்கு முன்பணம், உள்ளூர் மேளத்துக்குச் சாப்பாடும் ஒரு சால்வையும் என்ற வழக்கம் உள்ளவரை எந்த விழாவும் வளராது.

கேமரன் மலை ஆலய நிர்வாகத்தினருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த திருவிழா அழைப்பிதழ் அச்சாவதற்கு முன், பூசைகள் எல்லாம் முடிந்தபின் உறுமி மேளக்குழுவுக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு வரி சேருங்கள். அவர்கள் நின்று வாசிக்க, மக்கள் உட்கார்ந்து கேட்கட்டும். ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குழுவினரின் பெயர்களை அழைப்பிதழில் முழுமையாகப் போடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கும் அந்த அழைப்பிதழ் ஒன்றை அனுப்புங்கள்.